இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் ‘ஆகட்டுங்க’

1

லெஸ்டருக்கு வந்து இந்த செப்டம்பரோடு பதினொரு வருடம் ஆகிறது. நான்கு வயதில் என் இடுப்பை விட்டு இறங்காமல் விமானம் ஏறிய யாழினிக்கு இப்போது பதினைந்து. வருடா வருடம் இந்த மாதத்தில் ஊருக்கு எதையாவது எழுதிப் போடுவது என் பழக்கம். போன வருடம் இங்கத்திப் பனியைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். திருப்பூர் ராயபுரத்திலிருந்து அப்பா போனில் கூப்பிட்டார். “பனியெல்லாம் டிவியிலயே பாத்துக்கறஞ்சாமி. நீ உங்கூட்டுச் சங்கதிய எழுது” என்றார்.

சரி, இந்த வருடம் வீட்டுச் சங்கதிதான். பெருமைப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. கணக்கு டீச்சர் வேலைக்கு ஒரே வாரத்தில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் என்னைக் கூப்பிட்டன. இரண்டுக்கும் நான் சரி என்று சொல்லிவிட்டேன். படித்தவள், ஒன்பது வருடம் பாடம் நடத்தியவள் இப்படிச் செய்வாளா என்று கேட்பீர்கள். திருப்பூரில் பிறந்தவள் செய்வாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ என்று சொல்லமாட்டோம். கல்யாணப் பத்திரிகை வைப்பவரிடம் “ஆகட்டுங்க, வந்தர்றோமுங்க” என்போம். போகிற எண்ணம் துளியும் இருக்காது. இரண்டு நாள் கழித்து வேறொருவர் மூலமாக, “அவியளுக்குத் தோது இல்லையாட்ட இருக்குதுங்க” என்று தகவல் போய்ச் சேரும். அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார். ‘ஆகட்டுங்க’ என்றால் உங்கள் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்துக் கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும்தான். மாட்டேன் என்பதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஊரில் எப்போதும் ஒரு மூன்றாம் ஆள் இருப்பார்.

லெஸ்டரில் எனக்கு மூன்றாம் ஆள் இல்லை.

2

இதே காரியத்தை நான் முன்பே ஒருமுறை செய்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி.எட். முடித்த வருடம். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மெட்ரிக் பள்ளி. போய்ப் பார்த்தேன், வரச் சொல்லிவிட்டார்கள். அதே வாரத்தில் ஊருக்கு வெளியே இருக்கிற நெருப்பெரிச்சல் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். பாக்கியம் டீச்சர் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சித்திரை வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

அவருடைய பள்ளிக்கூடம் நிட்டிங் யூனிட்டுகளுக்கு நடுவில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மெஷின்காரர்களின் பிள்ளைகள், பாதிப்பேர் தெற்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். கணக்குக்கு ஆள் இல்லாமல் இரண்டு வருடமாகத் தமிழ் டீச்சரே கணக்கும் எடுக்கிறார் என்றார். எங்கள் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்ன அவரிடம் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அப்பா “ஆகட்டுங்க” என்றார். நானும் “ஆகட்டுங்க டீச்சர்” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு, “அப்பம் ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கயில வந்துருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ராயபுரம் பள்ளியில்தான் சேர்வேன் என்பது வீட்டில் அப்போதே முடிவான விஷயம். நெருப்பெரிச்சலில் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்த செல்லமுத்து மாமாவிடம், பாக்கியம் டீச்சரிடம் பக்குவமாகச் சொல்லிவிடும்படி அப்பா கேட்டுக்கொண்டார். மாமாவுக்கு அந்த மாதம் ஷிப்மெண்ட் நெருக்கடி. மறந்துபோனார். எங்களுக்கு அது தெரியாது. சொல்லியாயிற்று என்று நினைத்து நான் ராயபுரத்தில் சந்தோஷமாக ஆறாம் வகுப்புக்கு முழு எண்கள் நடத்திக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு சந்தோஷம் என்று கேட்டால் சொல்லிக்கொண்டே போவேன். காலையில் பிள்ளைகள் தலையில் பஞ்சுத் துகளோடு வருவார்கள். ஒரு பெண்ணுக்குத் தலை சீவிவிடும்போது அந்த வீட்டில் எந்த நிறத் துணி ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். போர்டு துடைக்கக் கடையில் டஸ்டர் வாங்கிய வழக்கமே கிடையாது. யாராவது ஒரு பிள்ளை திங்கட்கிழமை ஒரு கட்டு பனியன் வேஸ்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும். “மிஸ், இந்த வாரம் எங்கூட்டுதுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு ஓடும். அந்தத் துணியைப் போலச் சாக்பீஸை உறிஞ்சுகிற பொருள் உலகத்தில் வேறில்லை. பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைதான் வைக்க முடியும், மற்ற நாள் ஷிப்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் வகுப்பில் பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் பின்னல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றால், என்னடா இது, கரண்ட் போய்விட்டதா என்று பாடத்தை நிறுத்தி நான் ஜன்னலைப் பார்ப்பேன். சத்தம் இருந்தால்தான் எனக்குப் பாடம் ஓடும்.

ஆகஸ்டில் ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டில் பாக்கியம் டீச்சரைப் பார்த்தேன். அதே குடை. ஓடி ஒளிந்துகொள்ள இடமில்லை.

“வாரேன்னு சொன்னீயளேம்மா” என்றார். சண்டைக் குரலே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

நான் ஏதோ உளறினேன்.

“முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆளத் தேடியிருப்பேன். நீங்க சொன்னத நம்பி டைம்டேபிள்ல உங்க பேரப் போட்டுட்டேன். ஆறாங்கிளாஸ் பிள்ளைய இன்னும் கேக்குதுவ, கணக்கு டீச்சர் எப்ப வருவாவன்னு.”

அவர் ஊரில் ‘ஆகட்டும்’ என்று சொன்னால் ஆகும் என்று அர்த்தம் போல. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “ஒரு நா வந்து பாக்கறனுங்க டீச்சர்” என்றேன். ஒருநாளும் போகவில்லை. ராயபுரம் பள்ளியில் ஒன்பது வருடம் இருந்தேன். கல்யாணம் ஆகி, யாழினி பிறந்து, நாடு விட்டு வரும்வரை நெருப்பெரிச்சல் பக்கம் பஸ் போனால் தலையைக் குனிந்துகொள்வேன்.

3

இங்கே வந்ததும் ஒரே நாளில் டீச்சராகிவிட முடியவில்லை. முதலில் என் பெயர் சிக்கியது. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எனக்கு இருப்பது அப்பாவின் இனிஷியல் மட்டும். அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். அதன்பிறகு போகிற அலுவலகங்களில் எல்லோரும் என்னை ‘மிஸஸ் பழனிசாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் அம்மாவைக்கூட ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறகு பல்கலைக்கழகக் கடிதம், ஆங்கிலத் தேர்வு, போலீஸ் சான்று, பழைய பள்ளியிலிருந்து ஒரு சிபாரிசு. அந்தச் சிபாரிசுப் படிவத்தில் ‘இவரை மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா’ என்று ஒரு கேள்வி. ராயபுரம் தாளாளர் அதற்கு எதிரே ‘எப்பொழுது வருகிறார்?’ என்று எழுதி அனுப்பிவிட்டார். அதை விளக்கி நான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஆறு வருடம் வகுப்பில் துணைக்கு உட்காருகிற உதவியாளராக இருந்தேன். வேறொருவர் கணக்கு நடத்துவார், நான் பின் பெஞ்சில் பென்சில் சீவிக் கொடுப்பேன். தப்பாக ஒரு வழியைப் போர்டில் எழுதினால் கை பரபரக்கும். வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் இந்த வருடம் என் தகுதி ஏற்கப்பட்டது. விண்ணப்பித்த இரண்டு பள்ளிகளும் மே மாதத்தில் அடுத்தடுத்த நாள் நேர்முகத்துக்கு அழைத்தன.

முதலாவது யாழினி படிக்கிற பள்ளி. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இரண்டாவது ஊரின் மறுகோடி, இரண்டு பஸ். இந்த லெஸ்டரும் ஒரு காலத்தில் காலுறையும் பனியனும் பின்னிய ஊர்தான். அந்தப் பள்ளியைச் சுற்றிப் பழைய செங்கல் ஃபாக்டரிகள் நிற்கின்றன, சிலவற்றில் இன்னும் தையல் மெஷின் ஓடுகிறது.

எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. யாழினியின் பள்ளிதான் வேண்டும். இன்னும் மூன்று வருடத்தில் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள். அதன்பிறகு எந்த ஊரோ, யார் வீட்டிலோ. தினமும் காலையில் அவளோடு பத்து நிமிடம் நடக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அந்த விண்ணப்பத்தையே போட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஊரில் ஒரு வழக்கம். நேர்முகத்தின் கடைசியில், “வேலையைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா?” என்று கேட்பார்கள். அங்கேயே பதில் சொல்ல வேண்டும். சொன்னால் கையெழுத்துப் போட்ட மாதிரி. புதன்கிழமை யாழினியின் பள்ளியில் கேட்டார்கள், சந்தோஷமாக ஆமாம் என்றேன். மாலையே போன் வந்தது, வேலை உங்களுக்குத்தான் என்று. அத்தோடு விட்டிருக்க வேண்டும். வியாழக்கிழமை வரச் சொன்னவர்கள் எனக்காக ஒரு வகுப்பையே ஒதுக்கி வைத்திருந்தார்கள். வரவில்லை என்று எப்படிச் சொல்வது? போனேன். பாடம் எடுத்தேன். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் வழுக்கைத் தலை, சோர்ந்த கண். நிரந்தரமான கணக்கு ஆசிரியர் இல்லாமல் திண்டாடுகிறோம் என்று சொல்லிவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு அந்த நாற்காலியில் குடையோடு பாக்கியம் டீச்சர்தான் தெரிந்தார். “ஆமாம், நிச்சயமாக” என்றேன். அவர் முகமும் மலர்ந்துவிட்டது. அங்கிருந்தும் மாலையே வேலை உறுதி என்று போன் வந்தது.

மருத்துவமனை லேபில் வேலை செய்யும் என் கணவர் இதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ரெண்டு பேர்த்துக்கிட்டயுமா?”

“ஆமாங்க. நீங்க ஒரு போன் போட்டு, ஒருத்தருக்குப் பக்குவமாச் சொல்லிருங்களே.”

“அதெல்லாம் இங்க ஆள உட்டுச் சொல்ல முடியாது. நீதான் சொல்லோணும். விஷயம் வெளிய தெரிஞ்சா ரெண்டு வேலையும் போயிரும், பாத்துக்க. மறுக்கா உதவியாளராத்தான் போய் உக்காரோணும்.”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. திங்கட்கிழமைக்குள் ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்லியாக வேண்டும்.

4

எந்தப் பள்ளி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை என்றேனே, ஆனாலும் ஒரே ஒரு ஆளைக் கேட்க வேண்டியிருந்தது. அவள் பள்ளி, அவள் கூட்டாளிகள்.

யாழினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்குத் தமிழ் எழுத வராது. பேசுவாள். பெரியவர்களான எங்கள் இருவரிடம் மட்டுமே பேசிப் பழகிய தமிழ் என்பதால் ‘நீ’ என்ற சொல்லே அவளிடம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பூனை வந்தால், “வாங்க, பால் குடிங்க” என்பாள். அது பாலைக் கவிழ்த்துவிட்டால், “ஏனுங்க இப்படிப் பண்றீங்க?” என்பாள். கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், பெருமையும் வரும். ஆங்கிலத்தில் அவள் வேறு ஆள். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

பன்னிரண்டு வயதில் ஒருநாள், பள்ளி வாசலுக்கு வரவேண்டாம், தெருமுனையிலேயே நின்றுகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். நானும் ஆகட்டும் கண்ணு என்றேன். மூன்று வருடமாகத் தெருமுனையில்தான் நிற்கிறேன். மழையிலும் அங்கேதான். அவள் திரும்பவும் வாசலுக்கு வரச் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை அவள் சோபாவில் படுத்துக்கொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கண்ணு, அம்மா உன்ற ஸ்கூலுக்கே டீச்சரா வந்தா உனக்கு எப்படி இருக்கும்?”

“ஓகேம்மா” என்றாள். நிமிரவில்லை.

“நெஜமாத்தானா?”

“ம். எனக்கு ஓகேங்கம்மா. நல்லாத்தான் இருக்கும்.”

அந்த ‘ங்க’வைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பூனைக்கே வாங்க போங்க என்கிறவள் பெற்ற தாயிடம் வராதீர்கள் என்று சொல்வாளா? நிமிராமல் சொன்ன ‘ஓகே’, இழுத்துச் சொன்ன ‘நல்லாத்தான் இருக்கும்’. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாக்கியம் டீச்சரிடம் அப்பாவும் நானும் சொன்னதைத்தானே இவளும் சொல்கிறாள் என்று தோன்றியது. நம்ம ரத்தம், மாட்டேன் என்று எப்படிச் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மேல் கோபம் வரவில்லை. தெருமுனைக்குப் பழகியவள் நான்.

திங்கட்கிழமை காலை அவள் பள்ளிக்கு போன் செய்தேன். தாளில் எழுதிவைத்து நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். மன்னிக்கவும், என்னால் இந்த வேலையை ஏற்க முடியாது. என் ஆயுளில் நானே என் வாயால் நேராகச் சொன்ன முதல் ‘முடியாது’ அதுதான். தலைமையாசிரியை கொஞ்சம் ஒட்டாத குரலில், சொன்னதற்கு நன்றி, அடுத்த ஆளை இப்போதே கூப்பிட்டுவிடுகிறேன் என்றார். அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

“நானே மாட்டேன்னு சொல்லிப்போட்டனுங்கப்பா.”

“நீயேவா? யாரையும் உடாமயா?” அப்பாவால் நம்ப முடியவில்லை. “அவிய ஒண்ணுஞ் சொல்லுலயா?”

“ஒண்ணுமே சொல்லுலீங்கப்பா.”

“இத்தன சுளுவா அது?” என்றார் அப்பா. பிறகு, “அந்தக் கொட புடிச்சுட்டு வந்த டீச்சருக்கும் நாமளே சொல்லியிருக்கலாமாட்ட இருக்குது” என்றார். அவர் மனதிலும் அது இத்தனை வருடம் கிடந்திருக்கிறது.

நெருப்பெரிச்சலுக்குப் போகாத பாவத்தை இந்த இரண்டு பஸ் பள்ளியில் போய்க் கழித்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது. என் ஏமாற்றத்தை மூட அது போதவில்லை.

5

மாலையில் யாழினி பையை மாட்டியபடியே சமையலறைக்கு வந்தாள். வழக்கமாக நேராக மாடிக்குப் போகிறவள்.

“எப்பம்மா சைன் பண்றீங்க?”

“எதுல கண்ணு?”

“எங்க ஸ்கூல்ல.”

நான் அடுப்பைக் குறைத்தேன். “அது வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த ரெண்டு பஸ் ஸ்கூலுக்கே போறேன். உனக்கும் சங்கடம் இருக்காது பாரு.”

அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். “எனக்கு என்ன சங்கடம்?”

“நீ ஓகேன்னு சும்மா சொன்னதுதானே. அம்மாவுக்குப் புரியாதா?”

“சும்மா எதுக்கும்மா சொல்வேன்?” என்றாள். குரல் உடைந்தது. அப்புறம் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகக் கொட்டினாள். அவளுடைய கூட்டாளிகள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். கணக்கில் தடுமாறுகிற ஒருத்தியிடம், என் அம்மா வந்தால் உனக்குப் புரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறாளாம். மதியத்தில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட எந்த இடம் வசதி என்று பார்த்து வைத்திருந்தாளாம். “நான் ஓகேன்னு சொன்னா ஓகேதாம்மா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். தெருமுனையில நில்லுங்கன்னு சொன்னேன்ல அப்ப? நேராத்தானே சொன்னேன்?”

நேராகத்தான் சொன்னாள். பன்னிரண்டு வயதில் என் முகத்தைப் பார்த்து நேராகத்தான் சொன்னாள். அதை எப்படி மறந்தேன்?

மறுநாள் காலை வெட்கத்தை விட்டு அவள் பள்ளிக்கு மறுபடி போன் செய்தேன். வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், மன்னிக்கவும் என்றார்கள். போனை வைத்துவிட்டு அழுதேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு பாக்கியம் டீச்சர் பஸ் ஸ்டாண்டில் ஏன் அப்படி விழித்தார் என்று எனக்குப் புரிந்தது. ஒருவர் வாயால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது பாக்கியம் டீச்சருக்கும் என் மகளுக்கும் சாதாரணமாக இருக்கிறது. எனக்குத்தான் அது வரவில்லை.

6

நேற்றுதான் புதுப் பள்ளியில் முதல் நாள். என் வகுப்பு ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள், நம் ஊர்க் கணக்கில் ஆறாம் வகுப்பு. கைப்பையில் ஒரு கட்டு பனியன் வேஸ்ட் வைத்திருந்தேன். போன முறை ஊருக்குப் போனபோது கொண்டுவந்தது. இங்கத்தி வெள்ளைப் போர்டையும் அது நன்றாகத்தான் துடைக்கிறது.

கிளம்பும்போது யாழினி யூனிஃபார்மில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது. போதாததற்கு பஸ் ஸ்டாப் அவள் பள்ளி வாசலுக்கு நேர் எதிரில்.

“நானும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரட்டுங்களா?” என்றாள்.

‘உனக்கெதுக்குக் கண்ணு சிரமம், நான் போய்க்கறேன்’ என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஊரில் யார் கேட்டாலும் நாங்கள் முதலில் சொல்வது அதுதான். விழுங்கினேன்.

“வா” என்றேன். “நீ வரோணும்னுதான் எனக்கு ஆசை.”

பத்து நிமிடம் நடந்தோம். அவள் என் பாடப் புத்தகங்களில் பாதியை வாங்கிக்கொண்டாள். பஸ் தாமதம். எதிரில் அவள் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டு பெண்கள் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு கையால் அவர்களுக்கு டாட்டா காட்டினாள். இன்னொரு கையால், பஸ் வரும்வரை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.